வாய்னிச் நூலை யாராவது படித்துவிட்டார்களா? கம்ப்யூட்டரால் ஏன் முடியவில்லை?

"வாய்னிச் நூலை ஏஐ படித்துவிட்டது என்று ஒரு ரீல் பார்த்தேன். இன்னொன்றில், அதில் 'செடி' என்ற சொல் வருகிறது, பக்கத்திலேயே செடியின் படமும் இருக்கிறது, ஆகவே அது பழந்தமிழ் என்கிறார்கள். இதில் எது உண்மை? இவ்வளவு கம்ப்யூட்டர் வசதி இருந்தும் ஏன் முடியவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த மொழி என்று கேட்பது போலத் தெரிந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது அதற்கு முந்தைய கேள்வி: அந்த நூலில் படிப்பதற்கு ஏதாவது இருக்கிறதா, இல்லையா? முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். வேறெங்கும் காணாத எழுத்தில் எழுதிய இந்த இடைக்கால ஐரோப்பியக் கையெழுத்து நூலை இன்றுவரை யாரும் படிக்கவில்லை. வாக்கியத்தை விடுங்கள், இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி ஒரு சொல்கூடப் படிக்கப்படவில்லை. படிப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்பதிலேயே அறிஞர்கள் இரண்டு பட்டு நிற்கிறார்கள்.

நான் கணினி மொழியியல் படித்தவன். தமிழ் நூல்களை மின்னாக்கும் வேலையிலும், எழுத்துகளை எண்ணிக் கணக்குப் போடும் வேலையிலும்தான் என் காலம் போயிருக்கிறது. வாய்னிச் உரையைக் கம்ப்யூட்டரில் போட்டுக் குடைவது எனக்குப் பழைய பொழுதுபோக்கு. ஆனால் இடைக்கால ஐரோப்பியக் கையெழுத்து, தோல் ஏடு, மை பற்றியெல்லாம் நான் சொல்லப்போவது அந்தந்தத் துறைக்காரர்கள் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டது. எண்களைப் பற்றிப் பேசும் இடத்தில் மட்டும் என்னைக் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம்.

நூலைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள பைனெக்கி நூலகத்தில், 408 என்ற எண்ணில் இருக்கிறது. அளவு 23.5 செ.மீ. உயரம், 16 செ.மீ. அகலம், நம் பள்ளி நோட்டுப் புத்தகத்தை விடச் சற்றே பெரிது. கன்றுத் தோலில் எழுதியது. குறைந்தது 116 ஏடுகள் இருந்திருக்க வேண்டும், இப்போது 102 இருக்கின்றன. சில ஏடுகள் மடித்து விரிப்பவை, அவற்றையும் சேர்த்தால் சுமார் 240 பக்கம். முதல் பாதியில் பக்கத்துக்கு ஒரு செடி. அடுத்து விண்மீன் வட்டங்கள், ராசிச் சக்கரங்கள். பிறகு பச்சை, நீல நீர்த் தொட்டிகளில் ஆடையின்றி நிற்கும் பெண்கள், தொட்டிகளை இணைக்கும் குழாய்கள். அதன்பின் மருந்துச் சிமிழ்களோடு வேர், இலைகள். கடைசியில் ஓரத்தில் ஒவ்வொரு விண்மீன் போட்ட சின்னச் சின்னப் பத்திகள். இவை எல்லாவற்றையும் சுற்றி, வேறெங்கும் காணக் கிடைக்காத ஓர் எழுத்தில், சுமார் 1,70,000 எழுத்துகள்.

வரலாற்றில் உறுதியானது இவ்வளவு. 1912 இல் போலந்துக்காரரான வில்ஃபிரிட் வாய்னிச் என்ற பழம்புத்தக வியாபாரி, ரோமுக்கு அருகே ஃப்ராஸ்காட்டியில் ஏசு சபையாரிடமிருந்த நூல் தொகுப்பிலிருந்து இதை வாங்கினார். அவர் காலத்துக்குப் பிறகு கைமாறி, 1961 இல் ஹான்ஸ் கிராஸ் என்ற வியாபாரி 24,500 டாலருக்கு வாங்கி, 1,60,000 டாலருக்கு விற்கப் பார்த்தார். யாரும் வாங்கவில்லை. 1969 இல் யேலுக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார். நூலோடு ஒரு கடிதமும் வந்தது. பிராகைச் சேர்ந்த மருத்துவர் மார்சி, 1665 இல் (ஆண்டின் கடைசி எண்ணைச் சிலர் 6 என்று வாசிக்கிறார்கள்) ரோமில் இருந்த அறிஞர் அத்தனாசியஸ் கிர்ச்சருக்கு எழுதியது. புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் இதை 600 டுகாட் (அந்தக் காலத் தங்க நாணயம்) கொடுத்து வாங்கினார் என்றும், ஆங்கிலத் துறவியும் அறிஞருமான ரோஜர் பேக்கன் எழுதியது என்று நம்பினார்கள் என்றும் ஒருவர் தன்னிடம் சொன்னதாக மார்சி எழுதுகிறார். தன் கருத்து எதையும் அவர் அதில் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

இதைப் படித்ததும், வாய்னிச்சே போலியாகத் தயாரித்து விற்கப் பார்த்தாரோ என்று தோன்றும். தோன்றுவது நியாயம்தான், ஆனால் அந்தக் கதவு மூடியாகிவிட்டது. மார்சிக்கு முன் இந்த நூலை வைத்திருந்த கியோர்க் பாரெஷ் என்பவர் 1639 இல் கிர்ச்சருக்கு எழுதிய கடிதம், வாய்னிச் இறந்து பல காலம் கழித்துக் கிடைத்தது. தெரியாத எழுத்து, ஜெர்மன் நாட்டில் இல்லாத செடிகள், விண்மீன்கள் என்று அவர் வருணிப்பது இந்த நூலையேதான். முதல் ஏட்டில், ருடால்ஃப் அரண்மனையோடு தொடர்புடைய யாகுபஸ் டி டெபெனெக்கின் கையொப்பம் அழிக்கப்பட்ட நிலையில் இருக்கிறது, புறஊதா ஒளியில் தெரியும். 'டி டெபெனெக்' என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது 1608 இல், அதனால் கையொப்பம் அதற்குப் பிறகுதான் விழுந்திருக்க முடியும். சமீபத்தில் வேறு ஒன்றும் தெரிய வந்தது. பல அலைநீளங்களில் எடுத்த படங்கள் 2024 இல் வெளியானபோது, அதே முதல் பக்க ஓரத்தில் இலத்தீன் எழுத்துகளையும் வாய்னிச் எழுத்துகளையும் இணைத்து யாரோ வரிசை போட்டுப் பார்த்தது துலக்கமாகத் தெரிந்தது. அது மார்சியின் கையெழுத்து என்கிறார் கையெழுத்தியல் அறிஞர் லிசா ஃபேகின் டேவிஸ். ஆக, எழுத்துக்கு எழுத்து மாற்றிப் பார்க்கும் வேலை 17 ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கித் தோற்றுவிட்டது.

காலத்தைப் பொறுத்தவரை, 2009 இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் நான்கு ஏடுகளிலிருந்து துணுக்கு எடுத்துக் கார்பன் சோதனை செய்தார்கள். 95% உறுதியோடு 1404க்கும் 1438க்கும் இடைப்பட்டது என்று வந்தது. இது கன்று இறந்த காலம், எழுதிய காலம் என்று நேரடியாகச் சொல்ல முடியாது. ஆனால் நான்கு துணுக்குகளும் ஒத்துப்போகின்றன, பெண்களின் தலையலங்காரமும், ஆண்களின் உடையும், தனுசு ராசியில் குறுக்குவில் பிடித்து நிற்கும் மனிதனும் அதே காலத்தைத்தான் காட்டுகிறார்கள் என்கிறார்கள் கலை வரலாற்றாளர்கள். ஆகவே 15 ஆம் நூற்றாண்டின் முற்பாதி என்பதை நான் உறுதியான பக்கத்திலேயே வைக்கிறேன். இதனால் ரோஜர் பேக்கன் அடிபட்டுப் போகிறார், அவர் 13 ஆம் நூற்றாண்டுக்காரர். 1944 இல் ஒரு தாவரவியலாளர், இதில் இருப்பது அமெரிக்கச் சூரியகாந்தி, எனவே கொலம்பஸுக்குப் பிறகு எழுதியது என்று அடித்துச் சொன்னார். அதுவும் போயிற்று. எங்கே எழுதப்பட்டது என்பது அவ்வளவு உறுதி இல்லை. ஒரு மடிப்பேட்டில் மீன்வால் போலப் பிளந்த கொத்தளம் உள்ள கோட்டை, ராசிகளுக்கு நடுவே வேறொரு கை எழுதிய மாதப் பெயர்கள், கடைசி ஏட்டில் அரைகுறை ஜெர்மன் சொற்கள் எல்லாம் வட இத்தாலி, தென் ஜெர்மனிப் பக்கம் கையைக் காட்டுகின்றன. அதற்கு மேல் சொல்வது ஊகம்.

சரி, எழுத்துக்கு வருவோம். ஆராய்ச்சிக்கு வசதியாக ஒவ்வொரு வாய்னிச் எழுத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுத்து 1990களில் ஒரு முறை உருவாக்கினார்கள், பெயர் ஈவா. அதன்படி நூலின் முதல் வரி 'ஃபாசிஸ் இகால் ஆர் அட்டாயின் ஷோல் ஷோரி' என்று தொடங்கும். இது உச்சரிப்பு அல்ல. டைப் அடிக்கவும் வாய்விட்டுச் சொல்லவும் வசதியாக இருக்கட்டும் என்று, பெரும்பாலும் எழுத்தின் வடிவத்தைப் பார்த்து வைத்த அடையாளம் மட்டுமே. நீங்கள் பார்த்த ரீலின் 'செடி' இங்கிருந்துதான் வருகிறது. ஈவாவில் ஐந்து எழுத்து கொண்ட ஒரு சொல்லை ஆங்கில வழக்கில் வாசித்தால் 'செடி' என்று ஒலிக்கும், கூடவே 'ஷெடி' என்றும் ஒன்று உண்டு. அந்த எழுத்துகளுக்கு வேறு அடையாளம் கொடுத்திருந்தால் அது 'மாடு' என்றுகூட ஒலித்திருக்கும். சரி, தற்செயலாகச் சரியாகவே அமைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் பாருங்கள்: செடிப் படம் உள்ள பெரும்பாலான பக்கங்களில் இந்தச் சொல் அநேகமாக வருவதே இல்லை. பெண்கள் தொட்டியில் நிற்கும் பக்கங்களில்தான் குவிந்து கிடக்கிறது.

தமிழ் என்பதற்கு எதிராக இன்னும் வலுவான காரணம் உண்டு. தமிழில் சொல்லோடு விகுதி மேல் விகுதி ஒட்டும். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்று ஒரே சொல்லாக நீளும், கூடவே 'நீ', 'கை' என்று ஓரெழுத்தும் இருக்கும். வாய்னிச் சொற்கள் அப்படிப் பரந்து கிடப்பதில்லை. வெவ்வேறு சொற்களைப் பட்டியல் போட்டு நீளத்தைப் பார்த்தால், ஐந்து, ஆறு எழுத்தைச் சுற்றியே குவிகின்றன, பத்தைத் தாண்டுவது மிக அரிது. இந்தக் குவியல் தமிழுக்கு மட்டுமல்ல, இலத்தீனுக்கும் பொருந்தாது. தமிழோடு இந்த நூலுக்குத் தொடர்பு இருப்பதற்கான சான்று ஒன்றுகூட இல்லை.

இனி, கணக்குக்காரனாக என்னை உறங்கவிடாத விஷயம். வாய்னிச் சொற்கள் நம் வண்டி நம்பர் பிளேட் மாதிரி. முதலில் மாநிலம், அப்புறம் மாவட்ட எண், அப்புறம் வரிசை எழுத்து, கடைசியில் நான்கு இலக்கம். எந்த இடத்தில் எது வரலாம் என்பது முன்கூட்டியே முடிவானது. இங்கேயும் 4 போல இருக்கும் எழுத்து அநேகமாகச் சொல்லின் தொடக்கத்தில்தான் வரும், வந்தால் அடுத்தது வட்டமாகத்தான் இருக்கும். 9 போன்ற எழுத்து பெரும்பாலும் கடைசியில். தூண் போல உயர்ந்து நிற்கும் நான்கு எழுத்துகளில் ஒரு சொல்லுக்கு ஒன்றுதான் வரும், இரண்டு வருவது அபூர்வம். ஓர் எழுத்தைப் பார்த்து அடுத்ததை ஊகிப்பது எவ்வளவு கடினம் என்பதை 'பிட்' கணக்கில் அளப்போம். இலத்தீன், ஆங்கிலம் போன்ற ஐரோப்பிய மொழிகளில் அது 3 பிட்டுக்கு மேல் வரும். வாய்னிச்சில், ஈவா முறையில், சுமார் 2 பிட்தான். 1970களிலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள். எழுத்துக்கு எழுத்து மாற்றும் சாதாரணச் சங்கேதம் இந்த எண்ணை மாற்றாது. மூல மொழி 3 என்றால் சங்கேதமும் 3 தான். ஆகவே, 'இந்த எழுத்து அ, அந்த எழுத்து க' என்று அட்டவணை போட்டு ஐரோப்பிய மொழி ஒன்றை வெளியே எடுத்ததாக யார் சொன்னாலும், கணக்கு முதல் படியிலேயே இடறுகிறது.

அடுத்தது வரி. நாம் உரைநடை எழுதும்போது வரி எங்கே முடிகிறது என்பது தாளின் அகலத்தைப் பொறுத்தது, எழுத்துக்கு அது தெரியாது. வாய்னிச்சில் எழுத்துக்கு அது தெரிகிறது! ஈவாவில் 'எம்' என்று குறிக்கும் எழுத்து பெரும்பகுதி வரியின் கடைசிச் சொல்லில்தான் வருகிறது. தூண் எழுத்துகளில் இரண்டு வகை பத்தியின் முதல் வரியில்தான் பெரும்பாலும் தலைகாட்டுகின்றன. வரியின் முதல் சொல் மற்றச் சொற்களின் போக்கிலிருந்து சற்று விலகுகிறது. 1976 இல் பிரெஸ்காட் கரியர் என்ற அமெரிக்கச் சங்கேத நிபுணர், இந்த நூலில் வரியே ஓர் அலகு போல நடந்துகொள்கிறது என்று சொன்னார். ஏன் என்று யாராலும் திருப்தியாகச் சொல்ல முடியவில்லை. எம் என்பது வரிக் கடைசியில் இடம் போதாமல் எழுதிய சுருக்கக் குறி என்பது ஒரு விளக்கம். இடைக்காலக் கையெழுத்தில் சுருக்கக் குறிகள் சகஜம் என்பதால் நான் அதை ஒதுக்க மாட்டேன், ஆனால் முதல் வரித் தூண்களுக்கு அது பதில் சொல்லாது.

அதே கரியர் இன்னொன்றையும் கண்டார். செடிப் பக்கங்களிலேயே இரண்டு 'மொழிகள்' இருக்கின்றன. அவற்றுக்கு ஏ, பி என்று பெயர் வைத்தார். எழுத்து ஒன்றுதான், சொல்லமைப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் எந்தச் சொல் அதிகம் என்பது மாறுகிறது. நம் 'செடி' பி பக்கங்களின் சொல், ஏ பக்கங்களில் தேடினாலும் அகப்படாது. கையெழுத்தும் அதற்கேற்ப மாறுகிறது. லிசா ஃபேகின் டேவிஸ் 2020 இல், மொத்தம் ஐந்து பேர் எழுதியிருக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டினார். செடிப் பக்கங்களில் பெரும்பங்கை எழுதிய முதல் எழுத்தர் ஏ, மற்றவர்கள் முக்கியமாக பி. ஒரே வகைப் படம், ஒரே வகைப் பக்கம், ஆள் மாறினால் சொற்கள் மாறுகின்றன. சங்கேதம் என்றால் ஆளுக்கொரு அட்டவணை வைத்திருந்தார்களா? வட்டார வழக்கா? அல்லது அர்த்தமில்லாமல் எழுதும்போது ஒவ்வொருவரின் கைக்கும் வந்த பழக்கமா? எனக்கு நூல் முழுவதிலும் முக்கியமான தடயம் இதுதான் என்று படுகிறது. ஐந்து பேர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்றால், இது தனியொரு பித்தனின் நாட்குறிப்பு என்ற கதையும் அடிபடுகிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு, கம்ப்யூட்டரால் ஏன் முடியவில்லை என்ற உங்கள் கேள்விக்கு வரலாம். கம்ப்யூட்டர் பழைய சங்கேதங்களை உடைத்திருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். 105 பக்கமும் 75,000 எழுத்துகளும் கொண்ட கோப்பியாலே என்ற 18 ஆம் நூற்றாண்டு நூலை 2011 இல் கெவின் நைட்டும் இரண்டு ஸ்வீடன் அறிஞர்களும் உடைத்தார்கள். உள்ளே இருந்தது ஜெர்மன், ஒரு ரகசியச் சங்கத்தின் சடங்குகள். அமெரிக்காவின் ஸோடியாக் கொலைகாரன் 1969 இல் அனுப்பிய 340 குறிகள் கொண்ட சங்கேதம் 2020 இல் உடைந்தது. வாய்னிச் காலத்திலேயே, வெனிஸ்காரரான ஜொவான்னி ஃபொன்டானா படங்களோடு கூடிய பொறியியல் நூல் ஒன்றைச் சங்கேதத்தில் எழுதினார். அது எளிய மாற்றெழுத்து, சிரமமில்லாமல் படிக்கிறார்கள். சிந்து எழுத்து படிக்கப்படாததற்காவது காரணம் சொல்லலாம். ஐராவதம் மகாதேவன் 1977 இல் தொகுத்த பட்டியலைப் புரட்டினால் ஒரு முத்திரைக்குச் சராசரியாக ஐந்து குறிதான் இருக்கும், அவ்வளவு துண்டு துண்டான உரை. வாய்னிச்சில் உரைக்குப் பஞ்சமே இல்லை. கோப்பியாலேயில் வென்ற கெவின் நைட் இதையும் ஆராய்ந்தவர், இதில் வாசல் திறக்கவில்லை. அந்த வேலைகளில் எல்லாம், உள்ளே ஒரு மொழி இருக்கிறது, அது இந்த மாதிரி விதியால் மறைக்கப்பட்டிருக்கிறது என்ற அடிப்படை அனுமானம் சரியாக இருந்தது. அனுமானம் தவறினால் கம்ப்யூட்டர் 'தெரியவில்லை' என்று கைவிரிக்காது. கிடைத்தவற்றுள் எது பரவாயில்லையோ அதை எடுத்து நீட்டும்.

ஏஐ படித்துவிட்டது என்ற செய்தியின் வேர் இங்கேதான். 2016 ஐ ஒட்டி, கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் இருவர் ஒரு நிரலை எழுதினார்கள். மனித உரிமைப் பிரகடனத்தின் 380 மொழிப் பிரதிகளைச் சங்கேதமாக்கிக் கொடுத்தால், எந்த மொழி என்று 97% சரியாகச் சொன்னது. வாய்னிச்சைக் கொடுத்தபோது எபிரேயம் என்றது. சொல்லில் உயிரெழுத்துகள் விடுபட்டிருக்கின்றன, மீதி எழுத்துகள் அகரவரிசையில் கலைத்து அடுக்கப்பட்டிருக்கின்றன என்ற அனுமானத்தில், சில எழுத்துப்பிழைகளையும் திருத்திக்கொண்டு, கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டதும் வந்த முதல் வாக்கியம் ஏறக்குறைய இது: "அவள் பாதிரியாருக்கும், வீட்டுத் தலைவனுக்கும், எனக்கும், மக்களுக்கும் பரிந்துரைகள் செய்தாள்." உயிரெழுத்தை விடலாம், வரிசையைக் கலைக்கலாம், பிழையைத் திருத்தலாம் என்று இத்தனை சலுகை கொடுத்தால் எதிலிருந்தும் ஒரு வாக்கியம் வந்துவிடும். ஆய்வாளர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் கட்டுரையை நிதானமாகத்தான் எழுதியிருந்தார்கள். ஊடகங்கள்தான் 'மர்மம் அவிழ்ந்தது' என்று கொண்டாடின.

சலுகை மேல் சலுகை என்ற இந்த நோய் பழையது. 1921 இல் பென்சில்வேனியாப் பேராசிரியர் நியூபோல்ட், ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் உருப்பெருக்கியில் மட்டும் தெரியும் நுண்கோடுகள் இருக்கின்றன, அவை கிரேக்கச் சுருக்கெழுத்து என்றார். அதை வைத்து ரோஜர் பேக்கன் தொலைநோக்கி வைத்திருந்தார் என்றெல்லாம் போனார். 1931 இல் ஜான் மேன்லி அந்த நுண்கோடுகள் காய்ந்த மையில் விழுந்த விரிசல்கள் என்று காட்டினார். 2019 இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஒருவர், இலத்தீனிலிருந்து பிறந்த, வேறெங்கும் பதிவில்லாத ஒரு மொழி என்றார். பல்கலைக்கழகம் அறிவித்துவிட்டு, சில நாளில் ஒதுங்கிக்கொண்டது. இப்படி ஒன்று வரும்போது நான் பார்ப்பது இதைத்தான்: அவர் சொல்லும் விதியைக் கையில் எடுத்துக்கொண்டு வேறொருவர், அவரைக் கேட்காமல், அவர் தொடாத ஒரு பக்கத்தைப் படித்தால் அதே வாசகம் வருகிறதா? நான்கைந்து சொல்லுக்கு வருவது போதாது. நூலில் 'டாயின்' என்ற சொல் மட்டும் எண்ணூறு தடவைக்கு மேல் வருகிறது, அத்தனை இடத்திலும் ஒரே பொருள் பொருந்த வேண்டும். ஒரு பக்கத்தில் 'கோகீடி கோகீடி கோகெடி கோகெடி கோகீடி' என்று வரிசையாக வருகிறதே, அதற்கும் பதில் வேண்டும். இதுவரை வந்தவர்கள் யாரும் இந்த இரண்டாவது ஆள் சோதனையைத் தாண்டவில்லை.

அப்படியானால் வெறும் கிறுக்கலா? இப்படி நினைப்பவர்கள் லேசானவர்கள் அல்ல. கார்டன் ரக் 2004 இல், துளையிட்ட அட்டையை ஓர் அட்டவணை மேல் நகர்த்தி நகர்த்தி வாய்னிச் போன்ற உரையைத் தயாரித்துக் காட்டினார். ஆனால் அந்த மாதிரி அட்டை 16 ஆம் நூற்றாண்டுச் சரக்கு. டார்ஸ்டன் டிம் சொல்வது அதைவிட எளிது: எழுதுபவர் சற்று முன் எழுதிய சொல்லையே பார்த்து, ஓரெழுத்தை மாற்றி, மறுபடி எழுதிக்கொண்டே போயிருக்கிறார். கோகீடி வரிசைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியாது. 2022 இல் கேஸ்கெல், கிளேர் போவெர்ன் இருவரும் மனிதர்களை அர்த்தமில்லாமல் எழுதச் சொல்லி அளந்து பார்த்தார்கள். நாம் நினைப்பதுபோல் அது தாறுமாறாக இல்லை, கை தன்னையறியாமல் ஒழுங்கை உண்டாக்குகிறது, பல அளவுகளில் அது வாய்னிச்சை ஒத்திருந்தது. சொற்கள் இயல்பான மொழியின் விகிதத்தில் பரவியிருப்பதால் பொருள் இருந்தே தீரும் என்று முன்பு வாதிடுவார்கள். அந்த வாதம் இப்போது செல்லாக்காசு. எதிர்ப்பக்கமும் காலியில்லை. மான்டெமுர்ரோவும் ஸானெட்டும் 2013 இல், குறிப்பிட்ட சொற்கள் குறிப்பிட்ட பிரிவுகளில் திரள்கின்றன, செடிப் பிரிவும் மருந்துச் சிமிழ்ப் பிரிவும் சொல் அளவிலும் நெருங்கியவை என்று காட்டினார்கள். பொருள் இருந்தால் இப்படித்தான் இருக்கும். ஆனால் எழுத்தர் மாறினாலும் இப்படி இருக்கலாம், இரண்டையும் பிரித்தெடுப்பது சுலபமில்லை. போவெர்னே இன்னொரு கட்டுரையில், சொல்லுக்குள் பார்த்தால் விசித்திரம், பக்க அளவில் பார்த்தால் மொழி போலத்தான் என்று எழுதியிருக்கிறார். எனக்கு அது நேர்மையான நிலை.

மூன்றாவதாக ஒரு பாதை உண்டு, எனக்குப் பிடித்தது. மூலத்தின் ஓரெழுத்துக்கு இரண்டு மூன்று வாய்னிச் எழுத்துகளைக் கொத்தாகப் போட்டிருந்தால், அந்த 2 பிட் கணக்கு இயல்பாகவே சரியாகிவிடும். மைக்கேல் கிரெஷ்கோ என்ற பத்திரிகையாளர் 2025 இல் கிரிப்டோலாஜியா என்ற சங்கேதவியல் ஆய்விதழில், சீட்டுக்கட்டையும் பகடையையும் மட்டும் வைத்துக்கொண்டு இலத்தீனையும் இத்தாலியனையும் அப்படி மாற்றும் முறை ஒன்றைக் காட்டினார். வருவது பல அளவுகளில் வாய்னிச் போலவே இருக்கிறது. சீட்டும் பகடையும் அந்தக் காலத்து இத்தாலியில் சாதாரணம். அவர் நூலைப் படித்ததாகச் சொல்லவில்லை, இப்படி ஒரு சங்கேதம் சாத்தியம் என்று மட்டும்தான் சொல்கிறார். இது சரியாக இருந்தால் ஒரு கசப்பான விளைவும் உண்டு. 1,70,000 எழுத்து என்று நாம் பெருமைப்படுவது உண்மையில் அதில் பாதியோ மூன்றில் ஒன்றோதான். நிறைய உரை இருக்கிறதே என்ற நம் தைரியம் அந்த அளவுக்குக் குறையும்.

என் சாய்வைக் கேட்டால், படங்கள் மருத்துவ, சோதிட மரபைச் சேர்ந்தவை, கேலிக்கு வரைந்தவை அல்ல. ஒரு பக்கத்தில் இருப்பது காட்டுப் பான்சிப் பூ என்று பலரும் ஒப்புக்கொள்கிறார்கள், மற்ற செடிகளில் பெரும்பாலானவை அடையாளம் பிடிபடாதவை. எழுத்தைப் பொறுத்தவரை, கொத்துச் சங்கேதமும், பார்த்துப் பார்த்து எழுதிய வெற்றுரையும் எனக்கு ஏறக்குறைய சமமாகவே தெரிகின்றன. மாதத்துக்கு ஒரு முறை மனம் மாறுகிறேன். பதினான்கு பதினைந்து கன்றுத் தோலைச் செலவழித்து யாராவது வெற்றுரை எழுதுவார்களா என்று கேட்பார்கள். மார்சி கேள்விப்பட்டது உண்மையென்றால் 600 டுகாட் கிடைத்திருக்கிறதே! இயல்பான மொழி ஒன்றை நேரடியாக எழுதியது என்பதை மட்டும் நான் நம்பவில்லை. ஜப்பானின் 'பர்ப்பிள்' சங்கேதத்தை உடைத்த குழுவின் தலைவரான வில்லியம் ஃபிரீட்மன் பல ஆண்டு இதோடு மல்லாடிவிட்டு, இது செயற்கையாகச் சமைத்த மொழி என்ற முடிவுக்கு வந்தார். அந்த வகை மொழிகள் 17 ஆம் நூற்றாண்டில்தான் தெரிய வருகின்றன என்பதால் அதுவும் எனக்கு ஒட்டவில்லை. ஆனால் ஃபிரீட்மன் சொன்னது என்பதால் முழுதாகத் தள்ளவும் மனம் வரவில்லை.

நீங்களே பார்க்க விரும்பினால், பைனெக்கி நூலகம் எல்லா ஏடுகளையும் நல்ல தெளிவில் இணையத்தில் வைத்திருக்கிறது. ஈவா கோப்பும் இலவசம். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் போதும், நான் மாணவர்களுக்கு முதலில் கொடுக்கும் பயிற்சியைச் செய்து பாருங்கள். வரிகளின் கடைசிச் சொற்களை மட்டும் எடுத்து, அவற்றில் எம் எவ்வளவு என்று எண்ணுங்கள். பிறகு எல்லாச் சொற்களையும் ஒரே நீள வரிசையாக்கி, பழைய வரி நீளத்திலிருந்து இரண்டு சொல் தள்ளி வெட்டி, மறுபடி எண்ணுங்கள். உங்கள் கையிருப்பில் உள்ள ஏதாவது ஒரு தமிழ் நாவலின் அச்சுப் பக்கங்களிலும் ஓர் எழுத்தை வைத்து இதையே செய்யுங்கள். நாவலில் எண் அசையாது, வாய்னிச்சில் விழும். அடுத்த முறை யாராவது படித்துவிட்டேன் என்று வந்தால், முதலில் அந்த எம் எழுத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.